சைக்கிளுக்கு அளவெடுத்த ஆள்

ஓணாங்கரட்டில் யாரும் யாரையும் முட்டாள் என்று திட்டுவதில்லை. ஊர் முழுக்க ஒரே மாதிரி யோசிப்பதால் அந்த வார்த்தைக்கு அங்கே வேலையே வரவில்லை. அந்த ஊர்க்காரன்தான் வெள்ளைக்கண்ணு.

அவன் மனைவி பொன்ராணி கோபித்துக்கொண்டு, மலைமேல் மேக்காட்டில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியே கிளம்பும்போது, “மழை வந்தா கொடியில கிடக்குற பட்டுச்சேலைய எடுத்து உள்ள போடு” என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை வரவில்லை. ஆட்டுக்கிடாய் ஒன்று வந்தது. வெள்ளைக்கண்ணு பக்கத்திலேயே உட்கார்ந்து, கிடாய் சேலையைத் தின்று முடிக்கும்வரை வானத்தையே பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேக்காட்டிலிருந்து போன் வந்தது. “ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒரு வண்டி கொண்டாந்து என்னையக் கூட்டிட்டுப் போ. அந்தக் கல்லு ரோட்டுல இனிமே நான் நடக்க மாட்டேன். வரலைன்னா சித்தி மகளோட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருவேன்.”

வெள்ளைக்கண்ணுவுக்குப் பொண்டாட்டி என்றால் உயிர். அவள் போனதிலிருந்து இரண்டு தட்டில் சோறு போட்டு, இரண்டையும் அவனே அழுதுகொண்டு சாப்பிட்டு வந்தான்.

பெட்ரோல் வண்டி அவனுக்கு ஆகாது. தானாக ஓடுகிற எதையும் அவன் நம்புவதில்லை. ஆனால் போன மாதம் பெங்களூர்ப் பையன் ஒருவன், கொம்பு மாதிரி கீழே வளைந்த கைப்பிடியும் முள்ளுமுள்ளாய் டயரும் வைத்த சைக்கிளில் அதே கல் ரோட்டில் மலையேறிப் போனதை ஊரே பார்த்திருந்தது. அந்த மாதிரி ஒன்று கட்டிவிடலாம் என்று கூட்டாளிகள் மூவரும் கூடினார்கள். யோசனை சொல்ல தவசி, சந்தேகம் கேட்க சீனிச்சாமி, தலையாட்ட மொக்கைராசு. இதில் வெள்ளைக்கண்ணுவும் சீனிச்சாமியும் பனைமர உயரம். தவசியும் மொக்கைராசுவும் எக்கி நின்றால்தான் ஆட்டுரல் உயரம்.

திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மைதீன் பாயிடம் போனில் கேட்டார்கள். அவர் நல்ல மனுசர். ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“முதல்ல கைப்பிடி. செம்மறிக் கிடாக் கொம்பு மாதிரி முன்னால போயி, கீழ வளைஞ்சு வரணும்.”

நால்வரும் ஒரு பழைய சைக்கிளையும் தவசியின் கிடாயையும் இழுத்துக்கொண்டு ரத்தினத்தின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். சேலை தின்ற அதே கிடாய்தான். ரத்தினம் வெளியூர்க்காரர்.

“கொம்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமப்பா. கிடாயை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க?”

“‘கொம்பு மாதிரி’ன்னு பாய் சொன்னாருண்ணே. மாதிரி இல்லாம வேலை ஆரம்பிக்கலாமா?” என்றான் தவசி.

கிடாயைத் தூணில் கட்டி, அதன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து ரத்தினம் குழாயை வளைத்தார். வேலை முடிந்து அவிழ்த்துவிட்டதும் கிடாய் புதுக் கைப்பிடியை ஒரு நிமிடம் முறைத்தது. பிறகு நாலடி பின்வாங்கி ஓடிவந்து முட்டியது. சைக்கிள் ஒரு பக்கம், ரத்தினம் ஒரு பக்கம்.

“கிடாயே ஏமாந்துருச்சு. வேலை சுத்தம்!” என்றான் சீனிச்சாமி. மொக்கைராசு தலையாட்டினான்.

அடுத்தது டயர். “காத்து கொஞ்சம் கம்மியாவே இருக்கட்டும். அப்பத்தான் கல்லுல குதிக்காது” என்றிருந்தார் பாய். வெள்ளைக்கண்ணு கொஞ்சம் குறைத்தான். அவன் குறைத்தது தெரியாமல் தவசி கொஞ்சம் குறைத்தான். இருவரும் மறந்திருப்பார்கள் என்று சீனிச்சாமி குறைத்தான். மொக்கைராசு கடைசியாக வந்து, குறைக்க ஏதும் இல்லாமல் வருத்தப்பட்டான்.

“பாய் சொன்னதைவிட நல்லாவே செஞ்சுட்டோம்” என்றான் தவசி. “இதுக்கு மேல கம்மி உலகத்துலயே கிடையாது.”

ரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு காற்றடித்தார்.

“உக்கார்ற சீட்டு, கைப்பிடி, ஒண்ணும் ஆடக்கூடாது” என்பது மூன்றாவது. எல்லாவற்றையும் பற்றவைக்கச் சொன்னார்கள். ரத்தினம் சீட்டைப் பற்றவைத்தார், கைப்பிடியைப் பற்றவைத்தார், பின்னால் பொன்ராணி உட்காரும் கேரியரையும் பற்றவைத்தார். சக்கரத்தைக் காட்டியபோதுதான் வெல்டிங் ராடைக் கீழே வைத்தார்.

“சக்கரம் சுத்தணுமய்யா.”

“பாய் அப்படிச் சொல்லலையே” என்றான் சீனிச்சாமி.

“சொல்லாமயே சுத்தும்.”

ஒரு வெளியூர்க்காரர் மனம் நோகக்கூடாது என்பதற்காக நால்வரும் விட்டுக்கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு பெரிய வாதம் நடந்து முடிந்திருந்தது. கால் நீளத்தை அளந்து, அதற்குத் தக்கபடி சீட்டு உயரம் வைக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். வெள்ளைக்கண்ணு கயிற்றோடு காலை நீட்டினான். தவசி தடுத்தான்.

“உன் கால மட்டும் அளந்தா எப்பிடி? நாளைக்கு எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா நான் எதுல போவேன்?”

“எம் பொண்டாட்டி ஏற்கெனவே பாதிக் கோவத்துல இருக்கா” என்றான் சீனிச்சாமி.

நியாயம்தான். எனவே ஒரே கயிற்றில் நால்வர் காலையும் ஒன்றன்பின் ஒன்றாக அளந்து, முழுக்கயிற்றையும் நாலாக மடித்தார்கள். மடித்த நீளம் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாத நீளம். அதையே ரத்தினத்திடம் கொடுத்திருந்தார்கள்.

ஆடிப் பதினேழாம் நாள் காலையில் சைக்கிள் வெளியே வந்தது. வெள்ளைக்கண்ணு ஏறினான். முட்டி தாடையில் இடித்தது. சீனிச்சாமிக்கும் அதே. தவசி ஏறினான். கால் காற்றில் தொங்கியது. மொக்கைராசு ஏறும்போதே விழுந்துவிட்டான்.

“அளவு தப்போ?” என்றான் சீனிச்சாமி.

தவசி கயிற்றை மறுபடி மடித்துச் சீட்டில் வைத்துப் பார்த்தான். மயிரிழை பிசகவில்லை. பிறகு தீர்ப்புச் சொன்னான். “சைக்கிள் சரியாத்தான் இருக்கு. ஆளுதான் இன்னும் வரலை.”

“எந்த ஆளு?”

“இந்தக் கயித்து அளவு ஆளு. அளவு இருக்குன்னா ஆளும் எங்கேயோ இருக்கணும்ல?”

கயிற்றோடு ஆள் தேடிப் புறப்பட்டார்கள். டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களின் காலைக் குனிந்து குனிந்து அளந்தார்கள். கடை காலியாகிவிட்டது. பஸ்ஸை மறித்து ஏறி, கண்டக்டரை அளந்தார்கள். விரற்கடை கூடுதல். “இறங்குங்கய்யா, பயணிங்கல்லாம் பயப்படுறாங்க” என்று அவர் விசிலடித்துவிட்டுப் போனார்.

பொழுது உச்சிக்கு வந்தது. வெள்ளைக்கண்ணு ரோட்டோரமாக உட்கார்ந்து விசும்பத் தொடங்கினான். “நாளைக்குப் பதினெட்டு. அவ திருப்பூர் பஸ் ஏறிட்டா நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு தட்டுச் சோறு இனிமே எனக்கு முடியாதுடா.”

அப்போதுதான் மலைப்பாதையில் வியர்த்து விறுவிறுத்து ஒருத்தர் இறங்கி வந்தார். பொன்ராணியின் அண்ணன் காசிராசன்.

“மாப்ளே, தங்கச்சி பையெல்லாம் கட்டிட்டா. நீ வருவியா மாட்டியா? கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

தவசி அவர் காலடியில் மண்டியிட்டுக் கயிற்றை வைத்தான். நாலு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அச்சாகப் பொருந்தியது!

காசிராசனைத் தூக்கிச் சைக்கிளில் உட்காரவைத்தார்கள். கால் மிதிக்கு எட்டியது, முட்டி இடிக்கவில்லை, கை கொம்பில் போய் அழகாக உட்கார்ந்தது. மொக்கைராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளைக்கண்ணு கைகூப்பினான். “மச்சான், ஒரே ஒரு உதவி. மேக்காட்டுக்குப் போயி எம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வாங்க.”

“நான் அங்க இருந்துதானய்யா வர்றேன்!”

“அப்ப வழி விசாரிக்க வேண்டியதில்லை” என்றான் தவசி.

காசிராசன் மலையைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். நடந்து ஏறுவதற்கு இது தேவலாம் என்று மிதித்துப் போய்விட்டார். கல் ரோட்டில் சைக்கிள் கிடாய் மாதிரியே ஏறியது.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். பொன்ராணி சிரித்தாளா அழுதாளா என்று அவருக்கே தெரியவில்லை. “எனக்காக வண்டி கட்டியிருக்கு பாரு அந்த மனுசன்” என்று மட்டும் சொன்னாள். அண்ணனும் தங்கச்சியும் ஒரே வார்ப்பு, ஒரே உயரம். பையைக் கேரியரில் கட்டிவிட்டு அவளே ஏறி மிதித்தாள்.

அடிவாரத்தில் நால்வரும் காத்து நின்றார்கள். தூரத்தில் புழுதி கிளம்பியது.

“மச்சான் வர்றாரு!” என்றான் வெள்ளைக்கண்ணு.

“சேலை கட்டியிருக்காரே” என்றான் சீனிச்சாமி.

“புழுதிக்கு” என்றான் தவசி.

“முகம் பொன்ராணி மாதிரி இருக்கு” என்றான் சீனிச்சாமி மறுபடி.

“அண்ணன் முகம் தங்கச்சி மாதிரிதான் இருக்கும். முகத்தை விடு, கால் மிதிக்கு எட்டுதா பாரு. முட்டி இடிக்குதா? இல்லைல்ல? இந்தச் சைக்கிள் பொருந்துறது உலகத்துல ஒரே ஆளுக்குத்தான். அளந்தது நாமதானே?”

மறுக்க முடியாத வாதம். மொக்கைராசு இரண்டு தரம் தலையாட்டினான்.

பொன்ராணி வந்து காலூன்றி நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வந்துட்டேன்” என்றாள்.

வெள்ளைக்கண்ணு அவளுக்குப் பின்னாலிருந்த கேரியரை எட்டிப் பார்த்தான். பை மட்டும் இருந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது.

“வாங்க மச்சான். உங்க தங்கச்சி வரலையா?”

பொன்ராணி அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“பின்னால நடந்து வர்றா. நின்னு கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து மிதித்தாள்.

நின்றார்கள். பொழுது சாய்ந்தது. வெள்ளைக்கண்ணு வீட்டுக் கூரைமேல் புகை எழும்பியது, கருவாட்டுக் குழம்பு வாசம் அடிவாரம் வரைக்கும் வந்தது.

“மச்சான் சமைக்கிறாருடா” என்றான் சீனிச்சாமி.

வெள்ளைக்கண்ணு மலைப்பாதையைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினான். “எப்பேர்ப்பட்ட மனுசன்! அவருக்குப் போயி இப்பிடி ஒரு தங்கச்சி. இன்னும் வந்து சேரலை பாரு.”