நண்டு வைத்தியரும் இருபது நத்தை ஓடுகளும்

காட்டுப் பாதை ஓரத்தில் இரண்டு குழிகள் இருந்தன. கோடையில் குளம் வற்றிய பிறகு அங்கே மட்டும்தான் தண்ணீர் மிஞ்சியது. மேல்குழியில் தவளைகள் குடியிருந்தன. கீழ்க்குழியில் மெல்லாயி என்ற நத்தை தன் முப்பது குஞ்சுகளோடு குடியிருந்தாள்.

ஒரு நாள், பள்ளிக்கூட ஆய்வகத்துக்குச் சரக்கு ஏற்றிப்போன லாரி அங்கே குலுங்கியது. இரண்டு பாட்டில்கள் உருண்டு விழுந்து உடைந்தன. மேல்குழியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தது. கீழ்க்குழியில் அசிட்டிக் அமிலம் கலந்தது.

"எரியுது, எரியுது!" என்று தவளை கத்தமுத்து ஊரைக் கூட்டினான். வைத்தியர் கொடுக்கப்பர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு நண்டு. நண்டுகள் காலால்தான் ருசி பார்க்கும். அந்தக் காட்டில் அவர் கால் சொன்னதுதான் தீர்ப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேல்குழியில் காலை வைத்தார். சுரீர் என்றது. பக்கவாட்டில் நாலடி ஓடியே போய்விட்டார். கீழ்க்குழியில் வைத்தார். லேசாகப் புளித்தது, அவ்வளவுதான்.

மருந்து கரையிலேயே கிடந்தது. ஒரே அளவான காலி நத்தை ஓடுகள், மொத்தம் இருபது. ஓட்டிலுள்ள சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிட்டுத் தானும் கரைந்துபோகும்.

"மேல்குழிக்குப் பத்தொன்பது. கீழ்க்குழிக்கு ஒண்ணு போதும்" என்றார் கொடுக்கப்பர்.

மெல்லாயி இரண்டு வருஷம் ஒரு பள்ளி ஆய்வகத்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டு இருந்தவள். "வைத்தியரே, ரெண்டு பாட்டில் சீட்டிலும் இரண்டு மோல்னுதான் போட்டிருக்கு. ஓட்டைச் சரிபாதியாப் பிரிங்க" என்றாள்.

"மோலா? அது என்ன, கிழங்கா?"

"டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கை. ரொம்ப ரொம்பப் பெரிய எண்ணிக்கை. வீரியம் வேற, எண்ணிக்கை வேற. மேல்குழி அமிலம் தன்கிட்ட இருக்கிற புளிப்பை எல்லாம் ஒரேயடியாக் கொட்டிடும். எங்க குழி அமிலம் கொஞ்சத்தை வெளியே விட்டு, மீதியை மடியில முடிஞ்சு வெச்சிருக்கும். வெளியே விட்டது தீரத் தீர அவிழ்க்கும்."

"என் காலுக்கே பாடமா?" என்று சிரித்த கொடுக்கப்பர், தான் சொன்ன கணக்கிலேயே ஓடுகளைப் போட்டார்.

மேல்குழியில் நுரை பொங்கி அடங்கியது. தவளைகள் உள்ளே குதித்தன. கீழ்க்குழியில் போட்ட ஒற்றை ஓடு இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. ஆனால் புளிப்பு போகவில்லை.

மூன்றாம் நாள், கொளுத்தும் வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து மெல்லாயி வைத்தியர் வளைக்கு வந்தாள். முதுகில் கடைக்குட்டி இருந்தது. அதன் ஓடு வெங்காயத்தோல் போல ஆகி, ஓரத்தில் பொத்தல் விழுந்திருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் தாங்காது. மத்த இருபத்தொன்பதும் இப்படித்தான் இருக்கு" என்றாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கொடுக்கப்பர் அந்தப் பொத்தலை உற்றுப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே மேல்குழிக்கு ஓடி அடிவரை மூழ்கினார். அங்கே ஒன்பது ஓடுகள் கரையாமல் அப்படியே கிடந்தன.

"பத்தொன்பதில் ஒன்பது மிச்சம். அப்போ இங்கே வேலை செஞ்சது பத்துதான்" என்று முணுமுணுத்தார்.

அவர் ஓடுகளை வெளியே இழுக்க, "அது எங்க பங்கு!" என்று கத்தினான் கத்தமுத்து.

"உங்க பங்கு கரைஞ்சாச்சு. இது அவங்களோடது, நான்தான் இடம் மாத்திப் போட்டுட்டேன்."

ஒன்பது நடை நடந்தார். ஒவ்வொரு ஓடாகக் கீழ்க்குழியில் போட்டார். மெதுவாக, சோம்பேறித்தனமாக நுரை வந்தது. ஒன்பதாவது ஓடும் கரைந்த பிறகுதான் நுரை நின்றது.

"கால் வெச்சுப் பார்க்கலையா, வைத்தியரே?" என்று கேட்டாள் மெல்லாயி.

"காலை விடும்மா. முதல்ல ஒண்ணு, இப்போ ஒன்பது. இங்கேயும் பத்து. எண்ணிட்டேன்."

முப்பது குஞ்சுகளும் தண்ணீரில் இறங்கின. தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பே நாளாவட்டத்தில் அவற்றின் ஓட்டில் ஏறியது. கடைக்குட்டியின் பொத்தலும் மூடிக்கொண்டது.

தொட்டதும் சுடுவது மட்டுமே பெரிது என்று நினைத்துவிடாதே. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே மருந்தைப் பங்கிடு.