தளராத ஸ்க்ரூ

பேச்சியம்மாளுக்கு வைத்த செயற்கைக் கடைவாய்ப் பல் மூன்று தடவை ஆடியது. நான்காவது தடவை கையோடு வந்துவிட்டது.

தாடை எலும்பில் புதைத்த உலோக வேர் அப்படியே இருந்தது. பல்லைத் தாங்கும் தண்டை அந்த வேரோடு பிணைக்கும் ஸ்க்ரூ முறிந்து, பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. துண்டு வெளியே வந்தால் வேர் தப்பும். வராவிட்டால் வேரையே அறுத்தெடுக்க வேண்டும்.

கோவில்பட்டி பல் டாக்டர் பொன்னையா யார் தயவும் இல்லாமல் முட்டி மோதி மேலே வந்தவர். வேர் பதிக்கும் வேலையை மட்டும் திருநெல்வேலி டாக்டர் ஷமீலாவிடம் கற்றார். பத்து வயது இளையவரானாலும் குரு. அவரிடமே பேச்சியம்மாளை அழைத்துப் போனார்.

"எத்தனை தடவை முறுக்குனீங்க?"

"தளரத் தளர முறுக்குனேன் மேடம்."

"கடைசித் தடவை எவ்வளவு?"

"கை ஓயுற மட்டும். தளரவே தளராத ஸ்க்ரூ எங்கயாவது கிடைக்குமா? என்ன விலைன்னாலும் பேசிக்கிடலாம்."

ஷமீலா கையுறையை மாட்டினார்.

"திட்டவும் செஞ்சாரும்மா," என்றாள் பேச்சியம்மாள். "வறுத்த கடலையக் கடிச்சுப் பதம் பாக்காதன்னு. கடலை மிட்டாய் போடுதவ பின்ன எதை வச்சுப் பாப்பா?"

"வாயக் கட்டிருந்தா பல்லு நின்னிருக்கும்," என்றார் பொன்னையா.

ஷமீலா கழன்ற பல்லை அதன் இடத்தில் நிறுத்தி, மேலே, கடி விழும் இடத்தில் மை ஒட்டும் நீலத் தாளை வைத்தார்.

"மெதுவா கடிங்கம்மா."

பிறகு பல்லை எடுத்துப் பொன்னையாவின் உள்ளங்கையில் வைத்தார்.

ஓரத்தில் ஒரே ஒரு நீலப் புள்ளி. மற்ற இடமெல்லாம் வெள்ளை.

பொன்னையாவுக்குக் காது சூடானது. அந்த ஓரம் மட்டும் முடியளவு உயரம். கடித்த கடியெல்லாம் அங்கேதான் இறங்கி ஸ்க்ரூவை நெம்பியிருக்கிறது. தேய்த்துவிட அரை நிமிடம் போதும். மூன்று தடவையும் அவர் தாளை எடுக்கவில்லை. திட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்தது.

"கடலையாலதான டாக்டரு?" என்றாள் பேச்சியம்மாள், தப்புச் செய்தவள் போல.

அவர் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷமீலா கூர்முனைக் கம்பியால் துண்டைப் பின்பக்கமாகத் திருப்பத் தொடங்கினார். ஒரு மணி நேரம் போனது. அசையவில்லை. முறுக்கிய முறுக்கில் மரையோடு மரை கவ்விக்கொண்டிருந்தது.

கம்பியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"தளராத ஸ்க்ரூ கேட்டீங்களே டாக்டர், உள்ள இருக்கு. இனி எலும்போடதான் வரும்."