கழித்துக்கொண்ட இரண்டு ஆண்டுகள்

மலையடிவாரத்தில் ஒரு மருத்துவச்சிப் பள்ளி இருந்தது. பிரசவம் பார்க்க அங்கே நான்கு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார்கள். பெரியநாயகி என்பவள் குருவாக இருந்தாள்.

அங்கே செண்பகவல்லி வந்து சேர்ந்தாள். நகரத்துப் பள்ளியில் பேறுகால மருத்துவத்தில் உயர்தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவள். சான்றிதழைக் குருவின் முன் வைத்தாள்.

"அம்மா, முதல் இரண்டு ஆண்டுப் பாடமும் இந்தத் தேர்விலேயே வந்துவிட்டது. கழித்துக்கொள்வீர்களா?"

குரு நிதானமாக வாசித்தாள். மூன்று கேள்விகள் கேட்டாள். மூன்றுக்கும் பதில் சரியாக வந்தது.

"சரி. நீ மூன்றாம் ஆண்டு."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று செண்பகவல்லி நினைக்கவில்லை.

"மூன்றாம் ஆண்டில் என்ன பாடம், அம்மா?"

"கூப்பிட்ட வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டும்."

மறுநாள் உச்சிவேளையில் ஆள் வந்தது. மாடத்தி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். போய்ப் பார்த்தால், குழந்தையின் கால்தான் முதலில் தெரிந்தது.

தேர்வில் இதே கேள்விக்குச் செண்பகவல்லி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஆனால் அங்கே யாரும் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "நான் பிழைப்பேனா அக்கா?" என்று கேட்கவில்லை.

கை நடுங்க நடுங்க, படித்தபடியே செய்தாள். குழந்தை வந்தது. அழவில்லை. உடம்பெல்லாம் நீலம்.

வாயைத் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். மறுபடியும்.

ஒரு விக்கல். அப்புறம் அழுகை.

பள்ளிக்குத் திரும்பியவள் குருவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கழித்த இரண்டு ஆண்டையும் மறுபடி சேர்த்துவிடுங்கள், அம்மா. முதலாண்டுப் பெண்களோடு உட்காருகிறேன்."

"தாய் எப்படி இருக்கிறாள்?"

"நன்றாக இருக்கிறாள்."

"குழந்தை?"

"பால் குடிக்கிறது."

"எதையாவது மறந்தாயா?"

"இல்லை."

"தப்பாக ஏதாவது செய்தாயா?"

"இல்லை அம்மா. பயந்துவிட்டேன். இதோ, கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. பயம் போகிற வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் போகிறேனே."

எதிர்க் கூடத்தில் முதலாண்டுப் பெண்கள் கால் முதலில் வரும் பிரசவத்தை உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

குரு அந்தப் பக்கம் கை காட்டினாள்.

"அங்கே ஒருத்தியும் இன்னும் ஒரு பிரசவமும் பார்த்ததில்லை; ஒருத்திக்கும் பயம் கிடையாது, செண்பகம். அவர்களோடு உட்கார்ந்து நீ என்ன செய்யப்போகிறாய்?"