குட்டி ரயில் சொன்ன சேதி

மதுரைக்கு வெளியே ரிங் ரோடு போட்டு முடிப்பதற்கு முன்பே ஆனந்தலோகம் என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா அங்கே இருந்தது. அதில் ஒரு ராட்டினம், ஒரு கப்பல், ஒரு பேய் வீடு, டாஷிங் கார்கள் ஒரு டஜன். இவை எல்லாவற்றையும் சுற்றி வருவதற்கு ஒரு குட்டி ரயில். ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரு தடவையாவது அங்கே போய் வாந்தி எடுத்திருப்பார்கள். அப்படி ஒரு நல்ல பெயர் அதற்கு.

மற்றவை எல்லாம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறவை, ஆடுகிறவை, இடித்துக்கொள்கிறவை. இடம் விட்டு இடம் போவது ரயில் மட்டும்தான். அதனால் சேதி சொல்லும் வேலை தானாகவே அதன் தலையில் விழுந்தது. யார் யாருக்கு என்ன சொல்ல வேண்டுமானாலும் ரயில் வழியாகத்தான் போகும். அவர்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. பேசினால் சண்டை வரும்.

சண்டைக்குக் காரணங்கள் இருந்தன. ராட்டினத்தின் விளக்குகள் பேய் வீட்டின் தகரக் கூரை இடுக்கில் புகுந்து உள்ளே இருட்டைக் கெடுத்தன. பேய் வீட்டின் அலறல், கப்பலில் போடும் பாட்டை அமுக்கியது. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் டாஷிங் கார் கொட்டகையே அதிர்ந்து கரண்ட் விட்டு விட்டு வந்தது. டாஷிங் கார்கள் எல்லோர் மேலும் கடுப்பில் இருந்தன. அவற்றுக்கு அது தொழில்.

இதற்கிடையில் நாலுவழிச் சாலைப் பக்கம் அலை அடிக்கும் குளத்தோடு புதிதாக ஒரு பூங்கா வந்தது. ஊருக்குள் ஒரு மாலில், ஏசி போட்ட மாடியில், பிள்ளைகள் விளையாட எல்லாம் வந்தது. ஆனந்தலோகத்தை உண்டாக்கிய சௌந்தரபாண்டியன் காலமானார். அவருடைய மகள் அல்லி சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறி ஓடவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள்.

பங்குனியில் ஒருநாள் பகலில், கதிரேசன் என்கிற கட்டட முதலாளியைக் கூட்டிக்கொண்டு அல்லி ரயிலில் ஏறினாள். இடம் முழுவதையும் வெயில் படாமல் பார்க்க அதுதான் வசதி. ஓட்டுநர் ஜெபமணி மரியாதைக்காக வேகத்தைக் குறைத்தார். ரயில் காதைத் தீட்டிக்கொண்டு ஊர்ந்தது.

"இந்தத் தண்டவாளத்துக்கு உள்ள இருக்கிறது பூராம் நம்ம இடந்தானாம்மா?" என்று கேட்டார் கதிரேசன்.

"ஆமாண்ணே. எல்லையைக் காட்டத்தான் அப்பா ரயிலே விட்டாரு."

"அப்ப நாலு பிளாக் தாராளமா வரும். இந்தச் சாமானெல்லாம் பழைய இரும்புக்குப் போயிரும். ரயிலை மட்டும் வச்சுக்குவோம். சுத்தி ஓடுச்சுன்னா வீடு வாங்க வர்ற பிள்ளைக்காரங்களுக்குப் பிடிக்கும்."

அல்லி வெளியே பார்த்தாள். ரயில் பேய் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த எலும்புக்கூடு வழக்கம்போல வலது கையை மட்டும் தூக்கியது. இடது கை கழன்று வெகுகாலம் ஆகிறது.

"கோடை முடியட்டும்ண்ணே. யோசிச்சுச் சொல்றேன்."

அவர்கள் இறங்கிப் போன பிறகு ரயில் காலியாக ஒரு சுற்று கிளம்பியது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டது.

முதலில் ராட்டினம். "தம்பி, மேலே இருந்து பார்த்தேன். ரெண்டு பேரு வந்தாங்களே, என்னடா பேசினாங்க?"

அது கேட்ட குரல் எப்போதும் போல அதிகாரமாகத்தான் இருந்தது. ஆனால் அச்சு கிறீச்சென்றது. எண்ணெய் இல்லாத கிறீச்சு இல்லை அது. ரயிலுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

"எல்லாரையும் பழைய இரும்புக்குப் போடப் போறாங்களாம்ண்ணே" என்றது ரயில். "ஒங்களை மட்டும் வச்சுக்குவாங்களாம்."

நடந்த பேச்சில் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றியது.

ராட்டினம் ஒரு முழுச் சுற்று யோசித்தது. "பாவம்டா மத்தவங்க" என்றது. "நீ ஒன்னும் அவங்ககிட்ட சொல்லிக்கிடாதே. இருக்கிற வரைக்கும் சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்தது கப்பல். "என்ன மாப்ள, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றது. கப்பல் முன்னால் போகும்போது தைரியமாகவும் பின்னால் வரும்போது பயந்தும் பேசும். இப்போது இரண்டு பக்கமும் பயந்தே பேசியது. ரயில் அதனிடமும் ஒரு சொல்லை மாற்றியது. பேய் வீட்டிடம் போனபோது, பயமுறுத்தியே பிழைத்த அந்த அக்கா நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அங்கேயும் மாற்றியது. டாஷிங் கார்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தது. ஆனால் அவை இடித்துக்கொள்ளாமல் சுவரோரமாக ஒண்டி நின்றதைக் கண்டதும் அவற்றிடமும் அதே சொல்லை மாற்றிவிட்டது.

எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். பாவம்.

அன்று சாயங்காலம் ராட்டினம், பேய் வீட்டைப் பார்த்திருந்த பக்கத்து விளக்குகளை அணைத்துக்கொண்டது. போகப் போகிறவளுக்குக் கொஞ்சம் இருட்டாவது இருக்கட்டும் என்று அதற்குத் தோன்றியது. பேய் வீடு, கப்பலின் பாட்டு முடிகிற வரைக்கும் அலறலை அடக்கிக்கொண்டது. கப்பல், கொட்டகை அதிராத அளவுக்கு மட்டும் ஆடியது. டாஷிங் கார்கள் தங்கள் வரிசையில் நின்ற கூட்டத்தைக் கப்பல் பக்கம் அனுப்புவதற்காக, நல்ல நேரம் பார்த்து நின்றுபோயின.

"அந்தப் பக்கம் பல்பெல்லாம் தானா அணைஞ்சிருக்குண்ணே" என்று பூங்காவின் மெக்கானிக் வந்து ஜெபமணியிடம் சொன்னார்.

ஜெபமணி அண்ணாந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. விடுப்பா."

சேதிகள் நிறையப் போக ஆரம்பித்தன. இதற்கு முன்பு ரயில் சுமந்ததெல்லாம் வசவுதான். இப்போது ராட்டினம், "பேய் வீட்டைச் சாப்பிட்டியான்னு கேட்டேன்னு சொல்லு" என்றது. யாரும் அங்கே சாப்பிடுவது கிடையாது, ஆனாலும் கேட்டது. கப்பல், டாஷிங் கார்களைத் தன் பிள்ளைகள் மாதிரி என்று சொல்லி அனுப்பியது. டாஷிங் கார்கள் பதிலுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் மெதுவாக இடித்துக்கொண்டன. ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். தான் மட்டும் இருக்கப் போகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ரயிலையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

"ஒன்னை நெனைச்சாத்தான்டா எனக்கு மனசு ஆறலை" என்றது ராட்டினம்.

"நீ போனப்புறம் இந்தப் பக்கம் யார் மாப்ள வருவா?" என்றது கப்பல்.

பேய் வீடு அழுதது. அது அழுதால் உள்ளே இருப்பவர்களுக்குத் திகிலாக இருந்தது.

ரயில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "விடுங்க, விதிப்படி நடக்கும்" என்று சொல்லிவிட்டு நகரும். அந்த நாட்களில் சின்ன ஏற்றத்தில்கூட அதற்கு மூச்சு வாங்கியது. ஜெபமணி எஞ்சினைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

கோடை பிறந்தது. கூட்டம் வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. பாட்டு காதில் விழுந்தது, ஆட்டம் இதமாக இருந்தது, பேய் வீட்டுக்குள் போனவர்கள் உண்மையாகவே அலறிக்கொண்டு வெளியே வந்து தங்கைகளையும் மச்சான்களையும் உள்ளே அனுப்பினார்கள்.

வைகாசியில் அல்லி ஒருநாள் பேய் வீட்டுக்குள் போனாள். இடத்தைக் கைமாற்றிவிடுமுன் உள்ளே என்னென்ன இரும்பு இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று போனாள். அந்த வீட்டில் எந்த மூலையில் எது தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். நாலு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, அந்த எலும்புக்கூட்டுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறாள். ஆனால் இவ்வளவு இருட்டில் அவள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. இரண்டாவது திருப்பத்தில் ஏதோ ஒன்று தோளைத் தொட்டது.

அவள் போட்ட சத்தம் கப்பல் வரைக்கும் கேட்டது. வெளியே ஓடிவந்து, படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதிரேசனை வரச்சொல்லிப் போன் செய்தாள்.

இருவரும் ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"இந்த வருசம் வேணாம்ண்ணே."

"அப்ப அடுத்த வருசம்?"

"அது எனக்கே தெரியலைண்ணே."

"நல்லா யோசிச்சுக்கம்மா. ஒரு கோடை நல்லா ஓடுனா எல்லாக் கோடையும் ஓடும்னு இல்லை."

"அதுவும் தெரியும்ண்ணே."

கதிரேசன் கோபப்படவில்லை. போகும்போது தண்டவாளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ரயிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெபமணி ஏறி உட்காருவதற்குள் கூவிவிட்டது. முதலில் ராட்டினத்திடம் ஓடியது.

"அண்ணே, யாரும் போகலை! எல்லாரும் இருக்கப் போறாங்க!"

ராட்டினம் பாதியில் நின்றது. உச்சிப் பெட்டியில் இருந்த ஒரு குடும்பம் கீழே பார்த்துச் சாமியைக் கூப்பிட்டது.

"எல்லாரும்னா? பேய் வீடுமா?"

"ஆமாண்ணே."

"அதை எதுக்கு வச்சிருக்காங்க?"

கப்பல், "நல்லதுதான் மாப்ள, நல்லதுதான்" என்று முன்னால் போகும்போது சொன்னது. பின்னால் வரும்போது, "ஆனா நான் கொஞ்சம் அதிகமாவே பாசமாப் பேசிட்டேனே. இனிமே தினம் அதுக மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றது.

"ராட்டினத்துக்காக நான் அழுது முடிச்சிட்டேன் தம்பி" என்றது பேய் வீடு. "அழுததை இப்ப என்ன பண்றது?"

டாஷிங் கார்கள் ஒரே சமயத்தில் எல்லாம் மோதிக்கொண்டன.

அன்று சாயங்காலமே ராட்டினத்தின் விளக்குகள் எல்லாப் பக்கமும் எரிந்தன. பேய் வீட்டின் அலறல் பழையபடி எழுந்தது. கப்பல் கொட்டகையை உலுக்கியது. "அந்தப் பக்கம் பல்பு தானாச் சரியாயிருச்சுண்ணே" என்றார் மெக்கானிக். ஜெபமணி தலையாட்டினார்.

சாகப் போகிறவர்கள் என்று நினைத்தபோது ஒருவரையொருவர் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள், எல்லோரும் பிழைத்துக்கொண்டதை ஒருவருக்கொருவர் மன்னிக்கவில்லை. ரயில் மறுபடியும் வசவு சுமந்தது. இந்தத் தடவை பழைய வசவைவிடக் கனமாக இருந்தது. கூட்டம் குறையத் தொடங்கியது. ஆனியில் பேய் வீட்டுக்குள் போனவர்கள் உள்ளே வெளிச்சத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். அல்லி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் இருந்த போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

ரயில் அதைப் பார்த்தது.

நாலு பேருக்கும் காது கேட்கிற இடம் ஒன்று உண்டு. எல்லையோரமாகப் போகும் தண்டவாளம் கொஞ்சம் உள்ளே வளைந்து வருகிற திருப்பம். அங்கே போனதும் ரயில் நின்றுவிட்டது. ஜெபமணி இறங்கி, எஞ்சினைத் தட்டிப் பார்த்து, தண்ணீர் எடுக்கப் போனார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றது ரயில். "நான் சொன்னது பொய். ஒங்கள்ல யாரையும் வச்சுக்கிறதா அவங்க சொல்லலை. நாலு பேரும் இரும்புக் கடைக்குப் போக வேண்டியது. என்னை மட்டும்தான் வச்சுக்கிறதா இருந்தாங்க."

எதுவும் அசையவில்லை. கப்பல்கூட நடுவில் நின்றது.

"எங்களைக் கடையில போட்டுட்டு நீ மட்டும் மாடிவீட்டைச் சுத்திக்கிட்டு இருந்திருப்பே" என்றது ஒரு டாஷிங் கார்.

"ஆமா" என்றது ரயில்.

"நான் வேற ஒனக்காக அழுதேன்" என்றது பேய் வீடு.

"ஆமாக்கா."

இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று ரயில் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

ராட்டினம் ரயிலைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, பேய் வீட்டைப் பார்த்தது. "ஏம்மா" என்றது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேராக. "ஒன்கிட்டயும் இதையேதான் சொன்னானா?"

"இதையேதாண்ணே. நீங்க போயிருவீங்கன்னு சொன்னான்."

"என்கிட்ட நீ போயிருவேன்னு சொன்னான்."

"பாருங்க என்ன நெஞ்சழுத்தம்னு" என்றது கப்பல், முன்னாலும் பின்னாலும் ஒரே குரலில். டாஷிங் கார்கள் நடுவில் புகுந்து, தங்களிடம் ரயில் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொன்னது என்று விளக்கின. பேச்சு ரயிலின் தலைக்கு மேலாகப் போய்வந்தது. ஜெபமணி தண்ணீரோடு வந்தபோதும் ஓயவில்லை. விளக்குப் போடும் நேரம் வந்ததும், பேச்சு சுவாரசியத்தில், ராட்டினம் ஒரு பக்கத்து விளக்கைப் போடவே மறந்துபோனது. மறுநாளும் மறந்தது. அதற்கு மறுநாள் மறக்கவில்லை, ஆனாலும் போடவில்லை.

அல்லி அந்தப் போனை இன்னும் செய்யவில்லை. அடுத்த கோடையில் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, கதிரேசனுக்கும் தெரியாது.

ரயில் தினமும் சுற்றுகிறது. சேதி எதுவும் அதனிடம் யாரும் கொடுப்பதில்லை. அது பக்கத்தில் வந்தால் நாலு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்துவதற்கு ஒரு பேச்சு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு ரயில் கடந்து போகிறது.