துடைத்த கோடு

மலையடிவாரத்து மடத்துச் சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சிஷ்யை அங்கயற்கண்ணிக்கு ஐம்பத்தொன்று. வயதை வைத்துத்தான் ஞானம் வரும் என்றால் அவள்தான் சாமியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இதைச் சாமியே சொல்லிச் சிரிப்பார்.

அன்று அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று போன வாரம் உறுதியாகியிருந்தது. மனசு கலங்கினால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. வந்ததும் வராததுமாக ஈரத்துணியை எடுத்துச் சாமியின் அறையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கதவு நிலையின் இடப்பக்கம் கறையான் மண்கோடு ஏறியிருந்தது. புற்று என்ற சொல்லே அந்த வாரம் அவளுக்கு ஆகவில்லை. ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள்.

"ஆபரேஷனை முதல்ல பண்ணச் சொன்னேன், சாமி. டாக்டரம்மா மாட்டேங்கறாங்க. அஞ்சு மாசம் மருந்து ஏத்தணுமாம். ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு. அப்புறம்தான் கத்தியாம்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"பயமா இருக்கு. அதை உள்ளே வச்சுக்கிட்டு எப்படித் தூங்குவேன்? ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி கட்டியை அளந்து எழுதிக்கிட்டாங்க. இன்னொரு ஆஸ்பத்திரியில உடனே எடுத்துடலாம்னு சொல்றாங்க. நாளைக்கு அங்கே சேரப்போறேன்."

"வைத்தியம் எனக்குத் தெரியாதும்மா" என்று எழுந்து வந்த சாமி, நிலையைப் பார்த்து நின்றுவிட்டார். "இங்கே இருந்த கோடு எங்கே?"

"துடைச்சுட்டேன். அசிங்கமா இருந்துச்சு."

"போச்சு."

"கறையான்தானே, சாமி?"

"நாலு நாள் முன்னாடிதான் நிலைக்குள்ளே மருந்து ஊத்தினேன். இந்தப் பக்கம் மருந்துக்குக் கேட்டுச்சான்னு இனி யாரைக் கேக்கறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. துணியில் செம்மண் அப்பியிருந்தது.

"கோடு போனா நல்லதுதானே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சது போச்சு. மரத்துக்குள்ளே இருக்கிறது?"

சாமி வலப்பக்கத்தைக் காட்டினார். அங்கே இன்னொரு மண்கோடு இருந்தது. அதன் நுனியில் பென்சிலால் ஒரு கீற்று, பக்கத்தில் மருந்து ஊற்றிய தேதி. அங்கயற்கண்ணி குனிந்து பார்த்தாள். மண் அந்தக் கீற்றைத் தாண்டவில்லை.

"தாண்டியிருந்தா?"

"வேற மருந்து ஊத்தியிருப்பேன்."

"எப்படியும் மரத்தை அறுக்கணும்தானே?"

"அறுக்கணும். ஆசாரிகிட்டே சொல்லி வச்சாச்சு."

"அதுவரைக்கும் இந்த அறையிலேயா படுக்கறீங்க?"

"இதோ, இந்த நிலைக்குப் பக்கத்துலதான் பாய். முதல் ரெண்டு நாள் எனக்கும் தூக்கம் வரலை."

அவள் நெடுநேரம் அந்தப் பென்சில் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா ஸ்கேலைப் பிடித்த விதம் நினைவுக்கு வந்தது. அன்று வந்த கோபம் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. துணியை வாளியில் போட்டாள்.

"நாளைக்கு நான் எங்கே போகட்டும், சாமி?"

"அதை நான் சொல்ல மாட்டேம்மா. அந்த டாக்டரம்மா அளந்து எழுதினாங்களே, அதை மட்டும் துடைச்சிடாதீங்க."