ஆடு கிடைத்த ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மஞ்சளாற்று நாட்டை அடலேறு பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனசு கெட்டவர் இல்லை. ஆனால் மீசையை முறுக்கிக்கொண்டு அவர் எதைச் சொன்னாலும் அது சட்டம். காலையில் "யாரும் குடை பிடிக்கக் கூடாது" என்பார். மத்தியானம் மண்டை காய்ந்தால் "எல்லாரும் பிடிக்கணும்" என்பார். தண்டோரா போடும் ஒண்டிவேலு ஓடி ஓடியே பாதியாய் இளைத்துப்போனான்.

ராஜாவுக்கு ஆடுபுலி ஆட்டம் என்றால் உயிர். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டினால் ஆடு காலி. ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலிகளை நகரவிடாமல் அடைத்தால் புலிக்குத் தோல்வி. ராஜா எப்போதும் புலிதான். புலி மாட்டிக்கொண்டால் கை மீசைக்குப் போகும். "இன்று முதல் புலி ரெண்டு ஆட்டைத் தாண்டலாம்!" அப்புறமென்ன, ஜெயம்தான். முந்நூறு தடவை ஜெயித்தும் அவருக்கு உப்பில்லாத கஞ்சி குடித்த மாதிரியே இருந்தது. ஏனென்றுதான் விளங்கவில்லை.

ஒருநாள் வேட்டை முடிந்து ஆற்றங்கரைக்கு வந்தார். பரிசல்காரி பாவாயி, பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். ராஜா ஒரு நாழிகை வெயிலில் நின்றார். உண்மையில் அவருக்குக் கோபமே வரவில்லை. வரவழைத்தவர் அரண்மனையில் ஓலை எழுதும் சூடாமணி. அந்தப் பரிசல் துறையைத் தன் மச்சானுக்கு வாங்கித்தர அவர் வெகுநாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சபையில் மீசை முறுக்கப்பட்டது. "ஆற்றை முதலில் ராஜாதான் கடக்கணும். மீறினால் பரிசல் பறிமுதல்!"

பாவாயியை இழுத்துவந்தார்கள். அந்தப் பரிசல் போனால் அவள் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

"சாமி, சட்டம் இன்னைக்குப் பொறந்துச்சு. நான் பரிசல் தள்ளுனது நேத்து" என்றாள்.

"ராஜாவுக்கே நாள் கணக்கு சொல்கிறாயா?" என்று சூடாமணி பாய்ந்தார்.

பாவாயி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "முந்நூறு ஆட்டம் ஜெயிச்சீங்களாமே சாமி, ஒண்ணாவது இனிச்சுதா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. இது இவளுக்கு எப்படித் தெரியும்?

"என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. நான் ஜெயிச்சா பரிசல் எனக்கு. தோத்தா உங்களுக்கு. ஆனா ஆட்டச் சட்டத்தை முதல்லயே சுவத்துல கரியால எழுதிரணும். நடுவுல உங்களாலயும் மாத்த முடியாது, என்னாலயும் முடியாது. எழுதின பிற்பாடுதான் யாருக்குப் புலி, யாருக்கு ஆடுன்னு சீட்டுப் போடணும்."

"அவ்வளவுதானே?" என்று கரியை வாங்கினார் ராஜா. 'புலி ரெண்டு ஆட்டை' என்று எழுதும்போதே கை நின்றது. ஒருவேளை எனக்கு ஆடு விழுந்தால்? அவசரமாய் அழித்தார். முந்நூறு ஆட்டத்தில் முதல் தடவையாக ஆட்டுக்கும் புலிக்கும் பொதுவாய் ஒரு சட்டம் எழுதினார்; நடுவில் போடும் சட்டம் செல்லாது என்றும் சேர்த்தார்.

"ஆட்டத்தை நான் மேற்பார்க்கிறேன்" என்று சூடாமணி முன்னால் வந்தார்.

"அதை வந்திருக்கிற சனம் சொல்லட்டும்" என்றாள் பாவாயி. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. கூட்டத்தில் ஒருவர் ஒண்டிவேலு பெயரைச் சொன்னதும் ஒவ்வொரு கையாய் உயர்ந்தது. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவன் ஆயிற்றே.

சீட்டுப் போட்டார்கள். ராஜாவுக்கு ஆடு!

மளமளவென்று ஐந்து ஆடு போயிற்று. "மகாராஜா, மீசை!" என்று சூடாமணி கத்தினார். ராஜாவின் கை தானாக மேலே போனது.

டம்! ஒண்டிவேலு தமுக்கை ஒரே தட்டு தட்டினான். விரல் சுவரைக் காட்டியது.

ராஜா சுவரைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். கையை மெல்லக் கீழே இறக்கினார்.

அதன்பின் அவர் ஆடியதுதான் ஆட்டம். ஒரு ஆட்டையும் தனியே விடவில்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றை நிறுத்தி, சாயங்காலத்துக்குள் மூன்று புலியையும் அடைத்துவிட்டார்.

"எனக்காக விட்டுக்கொடுத்தாயா?" என்று கேட்டார் ராஜா.

"என் வயித்துப் பாட்டை வெச்சு ஆடுறேன் சாமி, விட்டுக்கொடுப்பேனா? தோத்துட்டேன்." பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு துடுப்பை நீட்டினாள்.

ராஜா அதை வாங்கவில்லை. "ஆட்டத்தின் நடுவில் போட்ட சட்டம் செல்லாது என்று நானே எழுதியிருக்கிறேன். நீ பரிசல் தள்ளிய பிறகு போட்ட சட்டம் மட்டும் எப்படிச் செல்லும்? பறித்ததே தப்பு. என்னுடையதாகாத பொருளை நான் எப்படி ஜெயிக்க முடியும்? எடுத்துக்கொண்டு போ தாயே."

பாவாயி காலில் விழப்போனாள். ராஜா தடுத்தார். "இது என் தயவு இல்லை, உன் பாத்தியதை. நன்றி சொல்லவேண்டியவன் நான். முந்நூறு ஆட்டத்தில் இன்றைக்குத்தான் ஜெயித்தேன்." சொல்லும்போதே கண் நிறைந்தது.

பிறகு சூடாமணி பக்கம் திரும்பினார். "எனக்குக் கோபத்தை ஏற்றிவிட்ட இவனைக் கழுதைமேல் ஏற்றி..."

டம்!

"எந்தச் சட்டத்துல சாமி?" என்றான் ஒண்டிவேலு.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். செய்த பிறகு சட்டம் போடக் கூடாது என்ற புது நியாயத்தால் முதலில் தப்பியவர் சூடாமணிதான். வெட்கத்தில் தலைகுனிந்தவர், போகிற போக்கில் பாவாயிக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

அன்றுமுதல் அந்த நாட்டில் எந்தச் சட்டமும் சுவரில் எழுதி, ஜனம் கைதூக்கிய பிறகே நடப்புக்கு வந்தது. ராஜாவுக்கும் அதேதான்.

அடுத்த வாரம் ராஜா துறைக்கு வந்தபோது ஒரு மேய்ப்பன் நாலு ஆட்டோடு முன்னால் நின்றான். ராஜாவைக் கண்டதும் பதறி ஒதுங்கினான்.

"நில்லப்பா" என்று ராஜா அவன் பின்னால் போய் நின்றார். "ஆடுகள் முதலில் போகட்டும். எனக்கு அவை ரொம்ப வேண்டியவை."