ஆள்காட்டி வென்ற கண்மாய்

ஒரு கண்மாயில் ஆள்காட்டிக் குருவி ஒன்று வாழ்ந்தது. கரையில் மனிதத் தலை தெரிந்தால் போதும், அது எழும்பிப் பறந்து கத்தித் தீர்க்கும். உடனே கொக்குகள் கிளம்பிவிடும். தவளைகள் நீரில் குதிக்கும். தண்ணீர்ப்பாம்பு கல்லிடுக்கில் நுழைந்துகொள்ளும். அங்கிருந்த உயிர்கள் எல்லாம் அதன் குரலை நம்பித்தான் பிழைத்தன. இது ஆள்காட்டிக்கும் தெரியும். அதனால் அது நெஞ்சை நிமிர்த்தியே நடந்தது.

கோடையில் கண்மாய் வற்றும். காய்ந்த தரையில், சின்னச் சின்னக் கற்களுக்கு நடுவே, ஆள்காட்டி முட்டையிடும். அதே கோடையில்தான் ஊர்க்காரர்கள் மாட்டு வண்டிகளோடு வருவார்கள். கண்மாயின் அடியில் படிந்த வண்டல் மண்ணை வெட்டி, வயலுக்கு உரமாக ஏற்றிக்கொண்டு போவார்கள்.

ஒரு கோடையில் வெள்ளைச்சாமி என்ற விவசாயியின் வண்டிச் சக்கரம் ஆள்காட்டியின் முட்டைகள் மேல் ஏறி இறங்கியது. முட்டைகள் கற்களின் நிறத்திலேயே இருந்ததால் அவர் அவற்றைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பறந்து கதறிய குருவியைத்தான் பார்த்தார்.

"சனியன் பிடிச்ச ஆள்காட்டி, காது கிழியுது. போ அங்கிட்டு" என்று துண்டை வீசினார். வண்டி போய்விட்டது.

ஆள்காட்டி அன்று முழுவதும் அந்த ஈரக் கறையின் பக்கத்தில் நின்றது. மறுநாள் கூட்டம் போட்டது.

கரையில் இருந்த நாவல் மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். ஆள்காட்டி வெகுநேரம் பேசியது. மனிதர்கள் நம் மீனைப் பிடிக்கிறார்கள், நம் நீரில் மாட்டைக் குளிப்பாட்டுகிறார்கள், அது போதாதென்று நாம் குடியிருக்கும் வீட்டின் தரையையே பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் என்றது. தவளைகள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமாம் போட்டன. கொக்குகள் கூட்டம் முடிந்தால் மீன்பிடிக்கப் போகலாம் என்று ஒற்றைக் காலில் காத்திருந்தன.

ஆமை மட்டும் தலையை வெளியே நீட்டியது.

"உன் முட்டைகளுக்காக நானும் வருந்துகிறேன்" என்றது ஆமை. "ஆனால் ஒன்றை யோசி. அவர்கள் மண் எடுத்த பள்ளத்தில்தான் கோடையின் கடைசித் தண்ணீர் நிற்கிறது. அதில்தான் நான் உயிரோடு இருக்கிறேன். சக்கரத்தோடு சண்டை போடு, நானும் வருகிறேன். ஊரையே விரட்டாதே."

"முதுகிலேயே வீட்டைச் சுமக்கிறவனுக்கு வீடிழந்தவளின் வலி எப்படித் தெரியும்?" என்றது ஆள்காட்டி. "வண்டிக்காரன் உனக்கு எத்தனை நத்தை கொடுத்தான், ஆமையாரே?"

கூட்டம் சிரித்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அதை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. துரோகி என்ற பெயர் அதன் ஓட்டைவிடக் கெட்டியாக அதன் மேல் ஒட்டிக்கொண்டது.

போராட்டம் தொடங்கியது. பெண்கள் துணி துவைக்கும் கல்லில் தண்ணீர்ப்பாம்பு படுத்துக்கொண்டது. அதற்குக் கொள்கை எதுவும் கிடையாது. வெயில் காய நல்ல கல் கிடைத்தது, அவ்வளவுதான். குளிக்க இறங்கியவர்களின் காலடியில் தவளைகள் கூட்டமாகக் குதித்தன. ஆள்காட்டி வண்டி மாடுகளின் கண்ணுக்கு நேரே பாய்ந்து கத்தியது. ஒரு நாள் வெள்ளைச்சாமியின் மாடுகள் மிரண்டு ஓடின. வண்டி குடைசாய்ந்தது. அவருக்குக் கால் முறிந்தது.

அதற்குப் பிறகு வண்டிகள் குறைந்தன. பிறகு நின்றே போயின. துவைக்கப் பெண்கள் வருவது நின்றது. ஆடு மாடுகள் வருவதும் நின்றது. கரையில் நடந்தவர்களின் பாதையில் புல் முளைத்தது.

வெற்றி விழாவில் ஆள்காட்டி பேசியபோது ஆமை அந்தப் பக்கமாக ஊர்ந்து போனது. நின்று ஒரே ஒரு பேச்சு பேசிவிட்டுப் போனது.

"ஊருக்குள் குழாய் வந்துவிட்டது. கடையில் மூட்டை உரம் வந்துவிட்டது. அதனால் அவர்கள் போனார்கள். நீ விரட்டியதாக நினைத்துக்கொள்கிறாய்."

தவளைகள் ஊளையிட்டு அதை விரட்டின. ஆள்காட்டி பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது தன் பெருந்தன்மை என்று அது நினைத்துக்கொண்டது.

கண்மாய் அமைதியானது. முதல் வருடம் அந்த அமைதி இனித்தது. ஆள்காட்டி நிம்மதியாகக் குஞ்சு பொரித்தது.

ஆனால் மழை வரும்போதெல்லாம் வெள்ளம் மண்ணைக் கொண்டுவந்தது. அதை வெட்டி எடுக்க ஒருவரும் இல்லை. மண் மேல் மண் படிந்தது. கண்மாய் மேடாகிக்கொண்டே வந்தது. ஆளுயரத்துக்கு நின்ற தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது. பிறகு முழங்காலுக்கு வந்தது. பிறகு மழை முடிந்த கையோடு காயத் தொடங்கியது. மேட்டில் சீமைக்கருவேல முள் முளைத்தது. மாடு மிதித்து, மனிதர் வெட்டி, திறந்து கிடந்த தரையெல்லாம் முள்ளுக்குள் மறைந்தது. திறந்த தரையில்தான் ஆள்காட்டி முட்டையிட முடியும். அதற்கும் இடமில்லாமல் போனது.

முதலில் கொக்குகள் போயின. சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பிறகு தவளைகள் போயின. தண்ணீர்ப்பாம்பு ஊர்ச் சாக்கடைக்குக் குடிபோனது. போகும்போது, "தோழரே, அங்கே தண்ணீர் கறுப்புத்தான். ஆனாலும் தண்ணீர்" என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆள்காட்டியின் இணை ஒரு நாள் இரை தேடப் போய்த் திரும்பி வரவில்லை. குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டன.

ஆள்காட்டி மட்டும் இருந்தது. காலையில் எழும். கரையைச் சுற்றிப் பறக்கும். யாரும் வரமாட்டார்கள். எச்சரிக்க ஆள் வரவில்லை, எச்சரித்தால் கேட்க உயிரும் இல்லை. ஆனாலும் சில நாட்களில் அது சும்மாவே கத்தியது. தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கக் கத்தியது. முள்காட்டில் பட்டு அந்தக் குரல் அங்கேயே செத்தது. ஆமை ஏதோ ஒரு பள்ளத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் போய்ப் பேச மானம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு நாள் கரைமேல் ஜீப் ஒன்று வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கிக் கையை நீட்டிக் காட்டினார். பின்னாலேயே இடிந்த வீட்டுக் கற்களை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது.

ஆள்காட்டிக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. எழும்பியது, பாய்ந்தது, ஜீப்பின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கதறியது.

லாரி டிரைவர் அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, இது என்ன பறவைண்ணே?"

"ஏதோ ஒண்ணு" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"இது கண்மாய் மாதிரில்ல தெரியுது."

"கண்மாய்னா தண்ணி இருக்கணும். நீ தண்ணியப் பாத்தியா? நாளைக்கு இந்நேரம் இங்க பிளாட்டுக் கல்லு நட்டிருக்கணும். மொதல்ல சாப்பிட்டு வருவோம், வா. வந்து கொட்டிக்கலாம்."

அவர்கள் போனார்கள். ஆள்காட்டி ஒரு முள்கிளையில் உட்கார்ந்தது. அதற்கு வெள்ளைச்சாமியின் நினைவு வந்தது. அவர் திட்டினார். துண்டை வீசினார். ஆனால் பெயர் சொல்லித் திட்டினார். இந்த மனிதருக்கு அதன் பெயரே தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றைக் கொல்ல அவருக்குக் கோபம்கூடத் தேவைப்படவில்லை.

ஆள்காட்டி ஆமையைத் தேடிப் போனது.

கரையை ஒட்டி, முள்ளுக்கு நடுவே பழைய வண்டல் பள்ளம் ஒன்று மிச்சமிருந்தது. வண்டிகள் கடைசியாக மண் எடுத்த இடம் அது. அதன் அடியில் கொஞ்சம் சேறு. சேற்றில் ஆமை.

"வந்தாயா" என்றது ஆமை. வேறொன்றும் கேட்கவில்லை.

ஆள்காட்டி நடந்ததைச் சொன்னது. எங்கே போய்விடலாம் என்று கேட்டது.

"ஊருக்குப் போ" என்றது ஆமை. "அவர்களைக் கூப்பிடு."

"நானா? வாழ்நாள் முழுக்க 'போ, போ' என்று கத்தியவள் நான். இப்போது 'வா' என்று கத்துவதா? என் வாயால் அது வராது."

"உனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கத்தல்தான். அதையே அவர்கள் வாசலில் போய்க் கத்து. அதற்கு என்ன அர்த்தம் என்று மனிதர்களில் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"நீயும் வா. உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில்..."

"என் நடைக்கு நான் ஊர் போய்ச் சேர மழைக்காலம் வந்துவிடும்" என்றது ஆமை. "நான் இங்கேதான் இருப்பேன். போய்விட்டு வா. பிறகு பேசலாம்."

ஆள்காட்டி பறந்தது. வெள்ளைச்சாமியின் ஓட்டு வீட்டுக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது. முறிந்து கூடிய காலை நீட்டிக்கொண்டு அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மூக்காயி ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், ஆள்காட்டி கத்துது" என்றாள். "கண்மாய்க்குள்ள எவனோ பூந்திருக்கான்."

"செத்த கண்மாய்ல எவன் பூறப்போறான். என் காலை ஒடச்ச சனியன் அது. இப்ப வீட்டுக்கே வந்துருச்சு, மிச்சம் இருக்குற காலுக்கு."

"உன் காலை அது ஒடைக்கல. நீ மேல பாத்து வஞ்சுக்கிட்டே வண்டிய ஓட்டுன. கீழ என்ன கெடந்துச்சுன்னு ஒரு தடவையாச்சும் பாத்தியா? அது காரணமில்லாமக் கத்தாதுய்யா."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் முனகிக்கொண்டே நொண்டி நொண்டிப் பின்னால் போனார். ஆள்காட்டி முன்னால் பறந்தது. வழியில் பார்த்தவர்கள் என்ன ஏது என்று கேட்டுக் கூடவே வந்தார்கள்.

லாரி அதற்குள் ஒரு நடை கொட்டிவிட்டது. அடுத்த நடைக்குத் திரும்பியபோது மூக்காயி அதன் முன்னால் போய் நின்றாள்.

"யாரைக் கேட்டுக் கொட்டுற?"

வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தார். "ஏம்மா, நீங்க யாராச்சும் இங்க காலை வச்சு எத்தனை வருஷமாச்சு? சும்மா கெடக்குற எடம்தானே?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. பின்னால் நின்றவர்களும் தலையைக் குனிந்தார்கள்.

"எங்காத்தா வீட்டுக்கும்தான் நான் போயி ரொம்ப நாளாச்சு" என்றாள் பிறகு. "அதுக்காக எங்காத்தாளை வெலைக்குக் கேப்பியா நீ? வண்டிய எடு."

வெள்ளைச்சாமி லாரிச் சக்கரத்துக்கு முன்னால் தன் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்தார். "ஏற்கெனவே ஒடஞ்ச காலுதான், ஏத்து" என்றார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். லாரி போயிற்று. ஜீப்பும் போயிற்று.

எல்லாரும் கலைந்த பிறகும் ஆள்காட்டி கத்திக்கொண்டே இருந்தது. கொட்டிய கற்குவியலின் மேல் ஏறி நின்று கத்தியது.

"அதான் போயிட்டாங்கள்ல, இன்னும் என்ன?" என்றாள் மூக்காயி.

குவியல் கிடந்த இடம் ஆமை இருந்த அந்த வண்டல் பள்ளம். பள்ளம் தெரிந்ததால்தான் டிரைவர் முதல் நடையை அங்கே கொட்டினான். இதை அவளுக்குச் சொல்ல ஆள்காட்டியிடம் வேறு சத்தம் இல்லை.

அந்தக் கோடையில் ஊர் கண்மாய்க்குள் இறங்கியது. முள்ளை வெட்டினார்கள். மேட்டைக் கரைத்தார்கள். கற்குவியலை அள்ளியபோது அடியில் ஆமை ஓடு ஒன்று கிடைத்தது. ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. "பாவம், இது இங்கதான் இருந்திருக்கு" என்று மூக்காயி அதை நாவல் மரத்தடியில் வைத்தாள். அங்கேதான் ஒரு காலத்தில் கூட்டம் சிரித்தது.

தரை திறந்தது. அக்கம்பக்கத்திலிருந்து வேறொரு ஆள்காட்டி வந்து சேர்ந்தது. மறு கோடையில் கற்களுக்கு நடுவே மறுபடியும் முட்டைகள் இருந்தன. ஒரு நாள் வெள்ளைச்சாமியின் வண்டி நேராக அந்த இடத்தை நோக்கி வந்தது.

ஆள்காட்டி எழும்பப் போனது. மாடுகள் முன்பு மிரண்டு ஓடியது நினைவுக்கு வந்தது. எழும்பவில்லை. முட்டைகளின் மேல் சிறகை விரித்து நின்று, ஒரே ஒரு முறை கத்தியது.

வெள்ளைச்சாமி இம்முறை மேலே பார்க்கவில்லை. கீழே பார்த்தார். கயிற்றை இழுத்தார்.

"சனியன் பிடிச்ச ஆள்காட்டி" என்றார் மெதுவாக. "அன்னைக்கும் இங்கதான் கெடந்துச்சா?"

இறங்கி, முள்கொப்பு ஒன்றை அடையாளத்துக்கு நட்டுவிட்டு, வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்.

ஆள்காட்டி நாவல் மரத்தைத் திரும்பிப் பார்த்தது. நீ சொன்னது சரி என்று சொல்ல அதற்கு ஆமை வேண்டியிருந்தது. மரத்தடியில் வெறும் ஓடு மல்லாந்து கிடந்தது, அதில் நேற்றைய கோடை மழைத்தண்ணீர் கொஞ்சம் நின்றிருந்தது.

மனிதரை விரட்டிவிட்டு இயற்கையைக் காக்க முடியாது. அதில் இறங்கி, அதன் பெயர் சொல்லிப் பழகியவர்கள் மட்டுமே அதற்கு ஆபத்து வரும் நாளில் எழுந்து வருவார்கள்.